தம்பியை மனநல ஆய்வில் சேர்க்கக் கேட்கிறார்கள், சேர்க்கலாமா?

மீனா_வந்தவாசி:

தம்பிக்கு 27 வயசு. மனச்சிதைவு நோய் வந்து அஞ்சு வருஷம் ஆகுது. ஜி.எச்.ல மாத்திரை வாங்குறோம். சத்தம் போடுறதெல்லாம் நின்னுடுச்சு, ஆனா குளிக்க வைக்கவே அரை நாள் ஆகுது. போன வாரம் ஓ.பி.யில ஒரு ஆய்வுக் குழு எங்களைக் கூப்பிட்டுப் பேசினாங்க. புது மருந்து எதுவும் கிடையாதாம். பயிற்சி எடுத்த ஒருத்தர் ஒரு வருஷம் வீட்டுக்கே வந்து அவன்கிட்டயும் எங்ககிட்டயும் பேசுவாராம், மாத்திரை, குளியல், வெளியே போறது, வேலைன்னு ஒவ்வொண்ணா பழக்குவாராம். ஆனா எல்லாருக்கும் அது கிடைக்காது, சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி கம்ப்யூட்டர்தான் குழுவைப் பிரிக்கும்னு சொன்னாங்க. சீட்டு விழலைன்னா வழக்கமான ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும்தான்.

"என் பிள்ளை என்ன சோதனை எலியா"ன்னு அப்பா கேட்கிறார். கையெழுத்து அவன் போடணுமா, நாங்க போடணுமா? இந்த மாதிரி ஆய்வுல இருந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

தாமிரபரணி_கரை:

தங்கச்சி, எங்க அக்காவுக்கும் இதே நோய்தான். சில வருஷத்துக்கு முன்னால இப்படி ஒரு ஆய்வில் இருந்தாள். வீட்டுக்கு ஆள் வரும் குழுவில் பெயர் விழுந்தது.

வந்தது பிளஸ் டூ முடித்த ஒரு பொண்ணு. வியாழக்கிழமை பத்து மணிக்கு வரும். முதல் மூணு வாரம் அக்கா அறையை விட்டே வரவில்லை. அந்தப் பொண்ணு கோபப்படாமல் திண்ணையில் பீடி சுற்றும் எங்க அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகும். நாலாவது வாரம் சும்மா இருக்க முடியாமல், ஊற வைத்திருந்த இலை ஒன்றை எடுத்துக் கோணல்மாணலாக வெட்டியிருக்கிறது. உள்ளே இருந்து அக்கா குரல்: "நரம்பைப் பாத்து வெட்டணும்." அப்புறம் அவளே வெளியே வந்து கத்திரியைக் கையில் வாங்கிக்கொண்டாள். நோய் வருவதற்கு முன்னால் எங்க தெருவிலேயே வேகமாக இலை வெட்டுகிறவள் அவள்தான். எட்டாம் மாசம் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் இலை வெட்டினாள். குணமாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். காதில் குரல் இன்னும் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் காலையில் எழுந்திருக்க அவளுக்கு ஒரு வேலை இருந்தது.

இடையில் மதிப்பீடு எடுக்க வேறொருவர் வருவார். வீட்டுக்கு யாரும் வருகிறார்களா என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார், தெரிந்தால் மதிப்பெண் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். எங்க அம்மா காபி கொடுக்கும்போதே "நம்ம வியாழக்கிழமைப் பொண்ணு" என்று ஆரம்பித்துவிட்டாள். அடுத்த முறை வேறு ஆளை அனுப்பினார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 12 மாசம் முடிந்ததும் அந்தப் பொண்ணு வருவது நின்றுபோனது. படிவத்தில் அது எழுதித்தான் இருந்தது, கையெழுத்துப் போட்ட எனக்குத்தான் அன்றைக்கு உறைக்கவில்லை. அக்காவைப் பழக்க நாங்களும் எதுவும் செய்யவில்லை, அவர்களும் செய்யவில்லை. அடுத்த வியாழக்கிழமை அவள் திண்ணையைப் பெருக்கி, முறத்தில் இலையை எடுத்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூணாவது வாரம் சாப்பாடு இறங்கவில்லை, டாக்டரிடம் கூட்டிப்போய் மருந்தை மாற்ற வேண்டி வந்தது. திரும்ப அவளை இலையில் கை வைக்க வைப்பதற்குள் அம்மாவுக்கு மாசக்கணக்கில் ஆனது.

அதற்காகச் சேராதே என்று சொல்ல மாட்டேன். நான் மறுபடியும் சேர்ப்பேன். ஆனால் முதல் நாளே கேள்: வருஷம் முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? கடைசி ரெண்டு மாசத்தில் வருகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பீர்களா? அவர் செய்வதை எங்களுக்கும் கற்றுக்கொடுப்பீர்களா? பதிலை எழுதி வாங்கிக்கொள்.

கள_பணி_செல்வி:

மீனா, நான் இந்த மாதிரி ஆய்வுகளில் வேலை பார்த்தவள். அப்பாவின் பயம் நியாயமானது, அவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.

சீட்டு விழாத குழுவுக்கு வைத்தியம் நிற்காது. இப்போது கிடைக்கும் மருந்தும் டாக்டரும் அப்படியே இருக்க வேண்டும், இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். இதே யோசனையை வைத்து காப்சி என்று ஒரு ஆய்வு தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரா மூன்றிலும் நடந்தது. 282 பேர் இருந்தார்கள், மூவரில் இருவருக்கு வீட்டு வருகை விழும்படி பிரித்தார்கள். முடிவு 2014-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. வீட்டுக்கு ஆள் போன குழுவில் நோய்க்குறிகள் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தன. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் தமிழ்நாட்டுப் பகுதியில் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

கையெழுத்து விஷயம்: புரிந்துகொண்டு முடிவெடுக்கும் நிலையில் இருந்தால் சம்மதம் உங்கள் தம்பியுடையது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். விலகினார் என்பதற்காக ஜி.எச். வைத்தியத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. படிவத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கேட்டு வாங்குங்கள், அதில் நெறிமுறைக் குழுவின் (ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் குழு) தொலைபேசி எண் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு இணையதளத்தில் இந்த ஆய்வு பதிவாகியிருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள், 2007 முதல் இருக்கிறது, பார்க்கக் காசு கிடையாது. பதிவு எண் கேட்டால் குழுவே கொடுக்கும்.

ரவி_ஆம்பூர்:

ஒண்ணு விட்டுப் போச்சு. பேசுறதை ரெக்கார்டு பண்ணுவாங்களான்னு கேளுங்க. ஊழியர் சரியாப் பேசுறாரான்னு மேற்பார்வையாளர் கேட்டுப் பார்க்க நிறைய இடத்துல பண்றாங்க. என் மச்சானுக்கு அது முன்னாடியே தெரியாம, நடுவுல தெரிஞ்சதும் பேசுறதையே நிறுத்திட்டார். குரல் கேட்கிற நோய் இருக்கிறவங்ககிட்ட இதைக் கட்டாயம் முதல்லயே சொல்லணும்.

மீனா_வந்தவாசி:

எல்லாருக்கும் நன்றி. தாமிரபரணி அண்ணா, உங்க அக்கா திண்ணையில உட்கார்ந்திருந்ததைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியலை.

நேத்து ராத்திரி முதல் தடவையா தம்பிகிட்டயே கேட்டேன். இத்தனை நாளா நாங்க எங்களுக்குள்ளேயேதான் பேசிட்டு இருந்திருக்கோம். அவன் கொஞ்ச நேரம் கழிச்சு, "ரெக்கார்டு பண்ணா வேணாம். சும்மா வந்தா வரட்டும்"னான். ரவி அண்ணா சொன்னதை நான் அவன்கிட்ட வாசிச்சுக் காட்டினதாலதான் இதைச் சொன்னான். திங்கட்கிழமை அப்பாவும் வர்றார். வருஷம் முடிஞ்சா என்னங்கறதை நோட்டுல முதல் கேள்வியா எழுதியிருக்கேன், ரெண்டாவது தம்பியோடது.