இத்தாலி 14 நாள், எட்டு ஊர்: எதை வெட்டலாம்?

மூட்டைமுடிச்சு:

அக்டோபரில் நான்கு பேர் இத்தாலி போகிறோம்: நாங்கள் இருவர், 11 வயதுப் பையன், 68 வயதான அம்மா. அம்மா சமதளத்தில் எவ்வளவு தூரமும் நடப்பார், படிக்கட்டு என்றால் முழங்கால் இடம் கொடுக்காது. விமான டிக்கெட் எடுத்தாயிற்று, மாற்ற வழியில்லை. சனிக்கிழமை காலை 8 மணிக்கு மிலான் மல்பென்சாவில் இறங்குகிறோம். 14ஆம் நாள், வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்கு ரோம் ஃபியூமிச்சினோவில் ஏறுகிறோம். நடுவில் 13 இரவுகள்.

இப்போது போட்டிருக்கும் வரிசை: மிலான் 1, கோமோ ஏரி 1, வெனிஸ் 2, சின்க்வே டெர்ரே (கடலோரத்தில் அடுத்தடுத்த ஐந்து சிற்றூர்கள்) 2, ஃப்ளோரன்ஸ் 2, சியெனா 1, ரோம் 2, சொரெண்டோ 2.

எழுதிப் பார்த்தபோதே மூச்சு வாங்குகிறது. விடவே முடியாதவை: வெனிஸ், ஃப்ளோரன்ஸில் டேவிட் சிலை, உஃபிஸி ஓவியக்கூடம், கொலோசியம், வத்திக்கான், பொம்பெய். பையனுக்காகப் பைசா கோபுரம். மற்றவற்றில் எதை வெட்டுவது? கார் வாடகைக்கு எடுத்தால் எல்லாமே அடங்கிவிடுமா?

தண்டவாளம்:

இரவுகளை விடுங்கள், முழு நாட்களை எண்ணுங்கள். இறங்கும் நாளும் ஏறும் நாளும் போக மிஞ்சுவது 12. இந்த வரிசையில் ஏழு முறை ஓட்டல் மாறுகிறீர்கள். ஆக, பெட்டியைத் தொடாமல் ஊர் பார்க்கக் கிடைப்பது ஐந்தே நாள். ரோமுக்கு அதில் ஒன்று. கொலோசியமும் வத்திக்கானும் அந்த ஒரே நாளில் என்றால் பையன் தாங்குவான், அம்மா தாங்கமாட்டார்.

ஓட்டல் மாறும் நாள் எங்கே போகிறது என்பதற்கு வெனிஸிலிருந்து ஃப்ளோரன்ஸ் போவதையே பாருங்கள். ரயில் நேரம் 2 மணி 15 நிமிடம்தான். ஆனால் பத்தரைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். சான் மார்கோ பக்கத்திலிருந்து ஸ்டேஷனுக்கு 1ஆம் எண் படகில் ஏறக்குறைய 40 நிமிடம். முன்பதிவு செய்த ரயிலைத் தவறவிடக்கூடாது என்று அரை மணி முன்னதாகவே போய் நிற்பீர்கள். அந்தப் பக்கம் இறங்கினால் பெரும்பாலான ஓட்டல்கள் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தரும். ரயில் எவ்வளவு வேகமாகப் போனாலும் இந்த ஐந்து மணி நேரம் குறையாது. வெனிஸிலிருந்து சின்க்வே டெர்ரே இன்னும் மோசம், ரயிலிலேயே ஏறக்குறைய ஐந்து மணி நேரம், நடுவில் வண்டி மாற வேண்டும்.

என் வெட்டு இப்படி. மிலானையும் கோமோவையும் முதலில் வெட்டுங்கள். காலை 8 மணிக்கு இறங்குபவர் மிலானில் தங்கத் தேவையில்லை. மல்பென்சா எக்ஸ்பிரஸ் மிலான் சென்ட்ராலேவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிடும், அங்கிருந்து வெனிஸ் சாந்தா லுச்சியாவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பிற்பகல் மூன்று மணிவாக்கில் கால்வாய்க் கரையில் நிற்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்த நாள் ரயிலுக்கு மட்டும் சூப்பர் எகானமி டிக்கெட் எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் அதை மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. கூடுதலாகக் கொடுத்து, மாற்றக்கூடிய பேஸ் கட்டணத்தில் எடுங்கள். டாவின்சியின் கடைசி விருந்து ஓவியம் பட்டியலில் இருந்தால்தான் மிலானில் ஓர் இரவு நியாயம். அதற்கு முன்பதிவு கட்டாயம், உள்ளே 15 நிமிடம்தான், திங்கள் விடுமுறை. உங்கள் பட்டியலில் அது இல்லை.

சியெனாவில் இரவு தங்க வேண்டாம், ஃப்ளோரன்ஸிலிருந்து பகலில் போய் வரலாம். சின்க்வே டெர்ரேயை முழுசாக நீக்குங்கள். மிச்சம்: வெனிஸ் 3, ஃப்ளோரன்ஸ் 4, சொரெண்டோ 2, ரோம் 4. ஓட்டல் மாற்றம் மூன்றுதான், முழு நாட்கள் ஒன்பது.

சொரெண்டோவை ரோமுக்கு முன்னால் வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஃப்ளோரன்ஸிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் நேப்பிள்ஸ். வழியில் ரோமைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு வடக்கே திரும்புகிறீர்கள். உங்கள் வரிசைப்படி விமானத்தன்று காலை சொரெண்டோவிலிருந்து கிளம்பினால், உள்ளூர் ரயில், அதிவேக ரயில், விமான நிலைய ரயில் என்று மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒன்று சறுக்கினாலும் விமானம் போய்விடும்.

கார் வேண்டவே வேண்டாம். ஃப்ளோரன்ஸ், ரோம், சியெனா எல்லாவற்றின் பழைய நகரப் பகுதியும் ஜெட்.டி.எல் எனப்படும் தடை வளையத்துக்குள் இருக்கிறது. வாசலில் கேமரா. தெரியாமல் ஒரு முறை நுழைந்தாலும் அபராதம் மாதங்கள் கழித்து வரும், வாடகை நிறுவனம் விவரம் கொடுத்ததற்குத் தனியாக ஒரு தொகை எடுத்துக்கொள்ளும். வெனிஸுக்குள் கார் போகவே போகாது.

எலுமிச்சைத்தோப்பு:

தண்டவாளம் சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வெட்டு போதவில்லை. அம்மாவின் முழங்காலை வைத்துப் பார்த்தால் சொரெண்டோவையும் வெட்ட வேண்டும்.

நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ போகும் சிர்க்கும்வெசுவியானா சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில் இல்லை, உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போகும் வண்டி. பெட்டி வைக்கத் தனி இடம் கிடையாது, கூட்டம் நெரியும், 70 நிமிடம் நின்றே போக நேரலாம். அதில் நான்கு பெட்டிகளோடு போய், இரண்டே இரவு கழித்து அதே வழியில் திரும்புவீர்கள். கிடைக்கும் ஒரே முழு நாள் பொம்பெய்க்குப் போய்விடும். அமால்ஃபி கடற்கரையைப் பார்க்க நேரமே இராது. பார்த்தாலும் அங்குள்ள பொசிடானோ ஊர் முழுக்கப் படிக்கட்டு. கடல் கொந்தளித்தால் படகும் ஓடாது, அக்டோபரில் அது சகஜம்.

பொம்பெய் மட்டும்தான் நோக்கம் என்றால் ரோமிலிருந்தே போய் வரலாம். ரோமின் டெர்மினி ஸ்டேஷனிலிருந்து நேப்பிள்ஸ் சென்ட்ராலே 1 மணி 10 நிமிடம். காலை 8 மணி வண்டியைப் பிடித்தால் பத்தேகாலுக்குள் பொம்பெய் வாசல். பொதுவாக எல்லோரும் சிர்க்கும்வெசுவியானாவில் பொம்பெய் ஸ்காவி ஸ்டேஷனில் இறங்கி, போர்ட்டா மரீனா வாசலில் கரடுமுரடான கல்சரிவு ஏறி நுழைவார்கள். அம்மாவுக்கு அது வேண்டாம். நேப்பிள்ஸ் சென்ட்ராலேவிலிருந்து ட்ரெனித்தாலியா என்ற அரசு ரயில் நிறுவனத்தின் ரீஜியோனாலே, அதாவது வட்டார ரயில் ஒன்று பொம்பெய் என்ற பெயரிலேயே வேறொரு ஸ்டேஷனில் நிற்கும். அங்கிருந்து பியாட்சா அன்ஃபிதெயாத்ரோ வாசல் நடக்கும் தூரம். சக்கர நாற்காலிகளுக்காகச் சமப்படுத்திய பாதை அந்த வாசலில்தான் தொடங்குகிறது, மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகிறது. மற்ற தெருக்களில் பெரிய பெரிய எரிமலைக் கற்கள், நடுவே வண்டிச் சக்கரம் அரைத்த பள்ளங்கள். கண் கொஞ்சம் விலகினால் கணுக்கால் பிசகும்.

சின்க்வே டெர்ரேயை நீக்கியது சரியே, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் மனம் மாறும். ஐந்து ஊரும் செங்குத்து. கோர்னீலியாவில் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு 382 படிகள், அதைத் தவிர்க்கச் சிற்றுந்துக்குக் காத்திருக்க வேண்டும். மொன்டெரோஸ்ஸோ ஒன்றுதான் ஓரளவு சமதளம். இலையுதிர்கால மழை அங்கே விளையாட்டில்லை. 2011 அக்டோபர் 25 வெள்ளத்தில் வெர்னாட்சாவும் மொன்டெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. மழை எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்துக்குப் போனாலே நடைபாதைகளை மூடிவிடுவார்கள். ஃப்ளோரன்ஸிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம் என்று யாராவது சொல்வார்கள். போக இரண்டரை, வர இரண்டரை மணி நேரம். கேட்காதீர்கள்.

மூட்டைமுடிச்சு:

சொரெண்டோவை விடுவதில் வருத்தம்தான், ஆனால் எலுமிச்சைத்தோப்பு சொல்வது உறைக்கிறது. அப்படியானால் வெனிஸ் 3 (சனி, ஞாயிறு, திங்கள்), ஃப்ளோரன்ஸ் 4 (செவ்வாய் முதல் வெள்ளி வரை), ரோம் 6 (சனி முதல் வியாழன் வரை). இப்போது சந்தேகம் உள்ளே இருக்கும் நாட்களைப் பற்றி. பைசாவும் சியெனாவும் இரண்டுமே வேண்டுமா? ரோமில் எந்த நாளில் எதை வைப்பது?

திங்கள்விடுமுறை:

கிழமைகள் உங்களுக்குச் சாதகமாகவே விழுந்திருக்கின்றன. உஃபிஸி, டேவிட் சிலை இருக்கும் அக்காதேமியா இரண்டுக்கும் திங்கள் விடுமுறை, அன்று நீங்கள் வெனிஸில். வெனிஸில் தோஜே அரண்மனை திங்களும் திறந்திருக்கும். சான் மார்கோ பேராலயத்தை மட்டும் ஞாயிறு காலையில் வைக்காதீர்கள், வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களுக்குப் பிற்பகல் 2 மணிக்கு மேல்தான். திங்கள் காலை நல்லது.

ஃப்ளோரன்ஸில் முழு நாட்கள் புதன், வியாழன், வெள்ளி. ஒன்று நகரத்துக்கே வேண்டும்: காலையில் உஃபிஸி, மாலையில் டேவிட். உஃபிஸியில் லிஃப்ட் உண்டு, டேவிட் தரைத்தளத்தில். பேராலயக் குவிமாடம் 463 படி, லிஃப்ட் இல்லை. பையனும் அப்பாவும் ஏறட்டும், அதற்கும் நேரம் குறித்த முன்பதிவு வேண்டும்.

பைசாவுக்கு மட்டும் ஒரு நாள் செலவழிப்பது வீண். ஃப்ளோரன்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். பைசா சென்ட்ராலே ஸ்டேஷனிலிருந்து கோபுரத்துக்கு 25 நிமிட நடை, சமதளம். கோபுரம் ஏற எட்டு வயது ஆகியிருக்க வேண்டும், பை எதுவும் கொண்டுபோக முடியாது, நேரம் குறித்த டிக்கெட். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு சான் ரோஸ்ஸோரே ஸ்டேஷனுக்கு நடந்துபோய் லூக்காவுக்கு ரயில் ஏறுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. லூக்காவின் மதில் மேல் நான்கு கிலோமீட்டர் சொச்சம் அகலமான, மரநிழல் கொண்ட பாதை. ஏறும் சரிவைத் தாண்டிவிட்டால் முழுக்கச் சமதளம். என் கணக்கில் உங்கள் அம்மாவுக்கு இந்தப் பயணத்தின் சிறந்த பிற்பகல் இதுவாகத்தான் இருக்கும். மாலை லூக்காவிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு நேர் ரயில், ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம். இவை எல்லாம் ரீஜியோனாலே வண்டிகள். கட்டணம் என்றும் ஒன்றுதான், முன்கூட்டி வாங்குவதால் மிச்சமில்லை. காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் இயந்திரத்தில் முத்திரையிட மறக்கக்கூடாது. ஆன்லைனில் வாங்கினால் செக்-இன் செய்ய வேண்டும்.

சியெனா மலை மேல் இருக்கும் ஊர், ஏற்ற இறக்கம் நிறைய. அம்மாவின் முழங்கால் முந்தைய நாளுக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று பார்த்து வெள்ளிக்கிழமை முடிவெடுங்கள், எதையும் முன்பதிவு செய்ய வேண்டாம். போனால் ரயிலில் போகாதீர்கள், ஸ்டேஷன் ஊருக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. 131 எண் விரைவுப் பேருந்து ஏறக்குறைய 1 மணி 15 நிமிடத்தில் பழைய நகரத்தின் ஓரத்திலேயே இறக்கிவிடும். பேராலயத்தின் சலவைக்கல் சித்திரத் தரை வழக்கமாக அக்டோபர் நடுப்பகுதி வரை திறந்திருக்கும், பிறகு பெரும்பகுதியை மூடிவிடுவார்கள். அந்தத் தேதிக்குள் போவதானால் சியெனாவின் மதிப்பு கூடுகிறது.

ரோமில் ஞாயிறு அன்று கொலோசியம், ஃபோரம். அன்று ஃபோரி இம்பெரியாலி சாலையில் வாகனம் ஓடாது, நடக்க வசதி. கொலோசியத்தில் லிஃப்ட் இருக்கிறது. திங்களைப் பாந்தியனுக்கும் தெருக்களுக்கும் விட்டு, ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் பொம்பெய், ஆனால் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தையும் சேர்க்க நினைத்தால் புதனுக்குத் தள்ளுங்கள், செவ்வாய் அதற்கு விடுமுறை. வத்திக்கான் வியாழன். ஞாயிறு அருங்காட்சியகம் மூடியிருக்கும். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று வரிசை தாங்காது. புதன் காலையில் போப் சதுக்கத்தில் மக்களைச் சந்திப்பதால் பேதுரு பேராலயத்துக்குள் நண்பகல் வரை நுழைவது கடினம்.

தண்டவாளம்:

நல்ல பிரிப்பு. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முன்பதிவு வரிசை. கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்பு திறக்கும், பெயர் போட்டது, வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். பொம்பெய் டிக்கெட்டும் பெயர் போட்டதுதான், ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பு 2024 நவம்பரிலிருந்து இருக்கிறது. கொலோசியம், உஃபிஸி, அக்காதேமியா, பொம்பெய் போன்ற அரசு இடங்களில் 18 வயதுக்குக் கீழே நுழைவு இலவசம். இருந்தாலும் பையனுக்கும் பூஜ்ய விலை டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். வத்திக்கான் இந்தக் கணக்கில் வராது. வெனிஸ் ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைவிட, படகுத் துறையிலிருந்து வாசல் வரை எத்தனை பாலம் என்று பாருங்கள். ஒவ்வொரு பாலமும் படிக்கட்டுதான், பெட்டியைத் தூக்கித்தான் கடக்க வேண்டும். பாலமே இல்லாத ஓட்டல்கள் கிடைக்கும், ஓட்டலுக்கே எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது வேலைநிறுத்தம். இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தங்கள் அடிக்கடி வெள்ளிக்கிழமைகளில்தான் வரும், நீங்கள் ஏறுவதும் வெள்ளி. தேதிகளைப் போக்குவரத்து அமைச்சகம் தன் தளத்தில் முன்கூட்டியே வெளியிடும், ஒரு வாரம் முன்பே பாருங்கள். வேலைநிறுத்த நாளிலும் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓடும். விமான நிலைய ரயிலான லியனார்டோ எக்ஸ்பிரஸ் டெர்மினியிலிருந்து 32 நிமிடம், பெரியவர்களுக்கு ஆளுக்கு 14 யூரோ. நான்கு பேர் பெட்டிகளோடு போவதால் டாக்ஸியையும் யோசிக்கலாம். ஓட்டல் பழைய ரோமைச் சுற்றியுள்ள ஆரேலியன் மதிலுக்குள் இருந்தால் விமான நிலையத்துக்கு நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம், பெட்டிக்குத் தனிக் காசு கிடையாது. வெள்ளை நிற, நகராட்சி அனுமதி பெற்ற வண்டி என்று உறுதி செய்து, ஏறும் முன்பே தொகையைச் சொல்லிவிடுங்கள். காலை பத்தரைக்குக் கிளம்பினால் போதும்.