உற்பத்தித்திறன்: குவிதலா, ஒருங்கலா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக 'manufacturing productivity convergence' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்; 'convergence'க்கு 'குவிதல்', 'ஒருங்கல்', 'இடைவெளி குறைதல்' என்று மூன்று சொற்கள் பேச்சில் இருக்கின்றன. ஐயா முன்வைத்த 'குவிதல்' கணிதத்தில் பழகிய சொல்தான். பொருளியலில் அது ஆகாது. மூலதனக் குவிப்பு, செல்வக் குவிப்பு என்று எழுதிப் பழகிய நமக்கு, 'உற்பத்தித்திறன் குவிதல்' என்றால் திறனெல்லாம் இரண்டொரு நாடுகளில் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே படும். சொல்லவருவதோ நேரெதிர்: பின்தங்கிய நாட்டின் ஆலைத்தொழில், முந்திய நாட்டினுடையதைவிட வேகமாக வளர்ந்து அதன் மட்டத்தை நோக்கிப் போவது. அதனால் ஆச்சி சொன்ன 'ஒருங்கல்' பக்கமே நிற்கிறேன்.

'இடைவெளி குறைதல்' எளிமையாகத் தெரியும்; ஆனால் கணக்கிலேயே பிசகும். ஒரு தொழிலாளிக்கான மதிப்புக்கூட்டல் (விளைபொருளின் மதிப்பில் மூலப்பொருள் முதலிய செலவு போக மிஞ்சுவது) ஒரு நாட்டில் 100, இன்னொன்றில் 20 என்று வையுங்கள். முன்னது ஆண்டுக்கு 2%, பின்னது 5% வளர்ந்தால், பத்தாண்டில் 121.9, 32.6 ஆகும். விகிதம் 20%இலிருந்து 26.7%க்கு ஏறிவிட்டது, ஒருங்கல் நடக்கிறது. இடைவெளியோ 80இலிருந்து 89.3 ஆகக் கூடியிருக்கிறது! அளப்பது மடக்கை (logarithm) வேறுபாட்டை, அதாவது கழித்து வரும் இடைவெளியை அல்ல, விகிதத்தைச் சார்ந்த இடைவெளியை என்பதை வரையறையிலேயே எழுதிவிட வேண்டும்.

பொருளியலாளர் டானி ரோட்ரிக் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆலைத்தொழில் ஒருங்கல் வீதத்துக்கு 118 நாடுகளில் கிடைத்த அடிப்படை மதிப்பீடு ஆண்டுக்கு 2.9%. அந்த வேகத்தில் மடக்கை வேறுபாடு பாதியாக ஏறக்குறைய 24 ஆண்டு பிடிக்கும். கல்வி, ஆட்சித்தரம் எதையும் கட்டுப்படுத்தாமலே கிடைத்த முடிவு அது. எனவே 'நிபந்தனையற்ற ஒருங்கல்'; அவற்றைக் கட்டுப்படுத்திய பிறகே தெரிவது 'நிபந்தனைசார் ஒருங்கல்'. நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தில் இப்படி நடக்கவில்லை என்று அந்த ஆய்வு சொன்னதுதான் அதன் முக்கியத்துவம்.

அந்தத் தரவு முறைசார் (அரசுக் கணக்கில் வரும்) ஆலைகளுக்கே உரியது. 'manufacturing' என்பதற்கு 'உற்பத்தித்துறை' என்று எழுதினால், தரை ஓடு செய்யும் ஆத்தங்குடிப் பட்டறையும் உள்ளே வந்துவிடும். கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கும் கைவேலை அது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மின்விசையோடு 10 பேர், இல்லாமல் 20 பேர் என்று வரம்பு வைத்தது. அதற்குக் கீழுள்ள பட்டறைகள் ஆலைக் கணக்கில் சேரா. தவிர, 'உற்பத்தித்துறை உற்பத்தித்திறன்' நாவுக்கும் இடறல். 'ஆலைத்தொழில்' போதும்.

ஒருங்கலுக்கு எதிர்ச்சொல்லாக (divergence) 'விலகல்' வேண்டவே வேண்டாம். நாடுகளுக்கிடையிலான பரவல் சுருங்குவதான சிக்மா ஒருங்கலை அளப்பதே திட்ட விலகலால் (standard deviation). 'விலகல் குறைந்தால் விலகல் இல்லை' என்று எழுத நேரும். 'அகலல்' என்போம். பீட்டா, சிக்மா எழுத்துகளை அப்படியே விடலாம். பின்தங்கியவை வேகமாக வளர்வது பீட்டா ஒருங்கல், நாடுகளுக்கிடையிலான பரவல் சுருங்குவது சிக்மா ஒருங்கல். முன்னது இருந்தும் பின்னது வாராமல் போகலாம்: ஆண்டுதோறும் விழும் புதிய பொருளாதார அதிர்ச்சிகள் பரவலை மறுபடி அகட்டிவிடும்.

ஆக, பட்டியலில் ஏற்ற வேண்டியவை: ஆலைத்தொழில் உற்பத்தித்திறன் ஒருங்கல், ஒருங்கல் வீதம், நிபந்தனையற்ற ஒருங்கல், நிபந்தனைசார் ஒருங்கல், அகலல். மாற்றுக் கருத்திருந்தால் ஐயாவும் ஆச்சியும் எழுதுங்கள்.