அவசரம்: புராஜெக்ட் ஃபோல்டர் மொத்தமும் காணவில்லை, திங்கட்கிழமை ரிவ்யூ

கிணற்றுநீர்_4 | வெள்ளி இரவு 9.40
எங்கள் டீம் ஃபோல்டரைக் காணவில்லை. நேற்று வரை இருந்தது. கைடு சார் திருத்தம் போட்ட மூன்றாவது அத்தியாயம், ரீடிங் ஷீட், எல்லாம் அதில்தான். நான் எதையும் அழிக்கவில்லை. மற்ற மூன்று பேரும் தொடவே இல்லை என்கிறார்கள். எப்படித் திரும்ப எடுப்பது? சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

மாடிவீட்டு_சிபியு | 9.52
கூகுள் டிரைவா, ஒன்டிரைவா? காலேஜ் மெயிலா, சொந்த ஜிமெயிலா? ஃபோல்டரை உருவாக்கியது யார்? இது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ரவாதோசை | 9.58
கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் நிறைந்திருக்கும். பழைய வீடியோக்களை அழித்துப் பாருங்கள்.

மாடிவீட்டு_சிபியு | 10.03
இடம் நிறைந்தால் புதிதாக எதையும் ஏற்ற முடியாது. இருக்கிற ஃபோல்டர் ஒரே ராத்திரியில் காணாமல் போகாது.

ரவாதோசை | 10.05
என் தங்கைக்கு இடம் நிறைந்த அன்றுதான் கோப்பு காணாமல் போனது. எதற்கும் பார்க்கட்டுமே.

கிணற்றுநீர்_4 | 10.20
கூகுள். காலேஜ் மெயில். குப்பைத் தொட்டியிலும் பார்த்துவிட்டேன், இல்லை.

கட்டளைவரி | 10.31
தம்பி, நாலு வருடம் பொறியியல் படித்தவர் எந்தக் குப்பைத் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஓனர் அழித்தால் கோப்பு ஓனருடைய தொட்டிக்குப் போகும், 30 நாள் அங்கே கிடக்கும். உங்கள் தொட்டியில் வராது. இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன். கேட்பதற்கு முன் தேடிப் படியுங்கள். ஓனர் யார் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கிணற்றுநீர்_4 | 10.44
சாரி சார். ஃபோல்டர் போன வருட சீனியர் அண்ணா போட்டது. அவர் புராஜெக்ட்டின் தொடர்ச்சிதான் எங்களுடையது. 32 கிணற்றின் டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), ஃப்ளோரைடு ரீடிங். அவர் மே மாதம் முடித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது கேட்டால் காலேஜ் மெயிலே திறக்கவில்லை என்கிறார்.

சுண்ணாம்புக்கட்டி | 11.10
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் போயிருக்காது. பரவாயில்லை, பதறாதீர்கள். நான் ஒரு கல்லூரியில் கற்பிக்கிறேன், போன வருடம் எங்கள் துறையிலும் இதுதான் நடந்தது.

கணக்கை நிறுத்தி மட்டும் வைத்திருந்தால் பகிர்ந்த கோப்புகள் உங்களுக்குத் திறந்திருக்கும். திறக்கவில்லை என்றால் படிப்பு முடிந்தவர்களின் கணக்குகளை மொத்தமாக நீக்கியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. கணக்கு போனால் அவர் பெயரில் இருந்த கோப்புகளும் போகும். ஆனால் நீக்கிய 20 நாளுக்குள் அட்மின் அந்தக் கணக்கை மீட்க முடியும். நேற்று வரை இருந்தது என்கிறீர்கள், அப்படியானால் நாள் இருக்கிறது. நாளை காலை கைடையும் கூட்டிக்கொண்டு கணினி மையத்துக்குப் போங்கள். மீட்டதும் கோப்புகளை கைடு பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். டிரைவ் தேடலில் உரிமையாளர் 'நான்' என்று வைத்துத் தேடுங்கள். நீங்கள் நால்வரும் உருவாக்கிய கோப்புகள் அழிந்திருக்காது, அவரவர் டிரைவில் இருக்கும். சார் போட்ட கமென்ட்டுகள் மெயிலில் அறிவிப்பாக வந்திருக்கும், அதையும் பாருங்கள்.

மாடிவீட்டு_சிபியு | 11.18
யாராவது போனில் அந்த ஷீட்டை ஆஃப்லைனில் வைத்திருந்தால், உடனே நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்கலாம்.

கட்டளைவரி | 11.35
மேடம் சொன்னது சரி. ஆனால் தவறு கைடு மேல்தான். ஆய்வுத் தரவை மாணவர் கணக்கில் விடலாமா? கைடு தன் கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

சுண்ணாம்புக்கட்டி | 11.50
கைடும் வேறு கல்லூரிக்கு மாறிப் போவார். பகிர்வு டிரைவில் வைப்பதே நல்லது. அங்கே கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் போனாலும் கோப்பு இருக்கும். தனி ஜிமெயிலில் அதை உருவாக்க முடியாது, கல்லூரிக் கணக்கில் அட்மின் அனுமதித்தால் முடியும். எனக்கு இன்னொரு வசதி, பதிப்பு வரலாற்றில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடலாம்.

பின்பெஞ்ச்_87 | சனி காலை 7.15
மேடம், அந்த வரலாற்றை நம்பி மதிப்பெண் போடாதீர்கள். எங்கள் டீமில் நாலு பேரும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசி எழுதினோம். லேப்டாப் ஒன்றுதான், என்னுடையது. வரலாற்றில் என் பெயர் மட்டும் இருந்தது. மற்ற மூவருக்கும் உள்மதிப்பீட்டில் குறைந்தது. அதில் ஒருவன்தான் கிணறு கிணறாகச் சைக்கிளில் போய்த் தண்ணீர் எடுத்தவன்.

கட்டளைவரி | 7.40
ஆளுக்கு ஒரு கணக்கில் எழுதுவதுதான் முறை. போனிலேயே எழுதலாமே.

பின்பெஞ்ச்_87 | 7.48
40 பக்க அறிக்கையை, அட்டவணையோடு, 5 அங்குலத் திரையில் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார்.

சுண்ணாம்புக்கட்டி | 8.05
பின்பெஞ்ச் சொல்வது நியாயம். நான் வரலாற்றைப் பார்த்துவிட்டு நால்வரையும் தனித்தனியாகக் கேள்வி கேட்பேன், ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட பெயர் மனதில் நின்றுவிடுகிறது. இந்த முறை கேள்வியை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் வரலாற்றைப் பார்க்கிறேன்.

கிணற்றுநீர்_4 | சனி மதியம் 2.30
கிடைத்துவிட்டது. கணக்கை மீட்டுக் கொடுத்தார்கள். சார் பெயருக்கு மாற்றியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

பின்பெஞ்ச்_87 | 2.41
கமென்ட்டுகளும் வந்ததா?

மஞ்சப்பை | இரவு 8.12
இதைப் படித்ததும் போய்ப் பார்த்தேன். எங்கள் லேப் ஃபோல்டரும் சீனியர் அக்கா பெயரில்தான் இருக்கிறது. அவர் கணக்கு இன்னும் வேலை செய்கிறது. அவரே மாற்றித் தர முடியுமா?

சுண்ணாம்புக்கட்டி | 8.20
முடியும், ஒரே கல்லூரிக் கணக்குக்குள் என்றால். பகிர்வுப் பட்டியலில் உங்கள் கைடு பெயருக்குப் பக்கத்தில் உரிமையை மாற்றும் வசதி இருக்கும். ஃபோல்டரை மட்டும் மாற்றினால் உள்ளே இருக்கும் கோப்புகள் மாறாது, அவற்றையும் தேர்ந்தெடுத்து மாற்றச் சொல்லுங்கள். இன்றைக்கே அக்காவுக்கு போன் போடுங்கள்.