சேலம் குகை வீட்டு வாட்ஸ்அப் குழு: ஆடி மலரும் அஞ்சு லட்சமும்

*குகை சித்தப்பா, காலை 6.42*
(முன்னனுப்பியது) சிறு பத்திரிகைகளுக்கு மத்திய அரசு 5 லட்சம் மானியம்!! நாளையே கடைசி நாள். முன்பதிவு 15,000 மட்டும். பத்திரிகை நண்பர்களுக்குப் பகிரவும்.

*குகை சித்தப்பா, 6.43*
ஏஜென்ட் ஒருத்தர் நேத்தே பேசிட்டாரு. நம்ம மாசப் பத்திரிகையோட ஆடி மலர் அச்சுக்கூலி அப்படியே வந்துரும். கட்டிடட்டுமா?

*கார்த்தி, 6.50*
அப்பா கட்டாதீங்க

*ஏற்காடு அத்தை, 6.51*
காலை வணக்கம் 🙏 இங்க ராத்திரியிலிருந்து மழை

*போஸ்ட் பெரியப்பா, 6.52*
டேய் இரு. எழுதறேன்.

*கார்த்தி, 6.52*
போச்சு

*போஸ்ட் பெரியப்பா, 7.10*
சட்டத்துல 5 லட்சம் இருக்கறது நெசந்தான். வாங்கறதுக்கு இல்ல, கட்றதுக்கு. 1867-ம் வருசத்துப் பத்திரிகைப் பதிவுச் சட்டத்த எடுத்துட்டு 2023-ல புதுசு கொண்டாந்தாங்க. 2024 மார்ச் 1-லிருந்து அமல். அதுல பதிவுச் சான்று இல்லாம இதழ் போட்டா 5 லட்சம் வரைக்கும் அபராதம். அதத்தான் எவனோ மானியமாக்கி விட்டிருக்கான். பதிவு சம்பந்தமா எது செய்யறதுன்னாலும் அரசோட பிரஸ் சேவா இணையதளத்துல நாமளே செஞ்சுக்கலாம், நடுவுல ஆளு எதுக்கு?

*டொராண்டோ மாமா, 7.14*
இங்க நெசமாவே காசு குடுக்கறாங்க மாமா. கனடா பீரியாடிகல் ஃபண்ட்னு பத்திரிகைகளுக்கான அரசு நிதி, 2010-லிருந்து. பத்திரிகைன்னா வருசத்துக்கு 5,000 பிரதி வித்திருக்கணும்.

*கார்த்தி, 7.15*
நம்ம 1,200 × 12 = 14,400. பாஸ் 😄

*குகை சித்தப்பா, 7.15*
அப்ப மாப்ள பேர்ல போட்டுருவோம்

*டொராண்டோ மாமா, 7.16*
ஓனர் கனடாக்காரங்களா இருக்கணும். உள்ள வர்ற சரக்கும் 80 சதவீதம் கனடாவோடதா இருக்கணும். கோட்டை மாரியம்மன் பண்டிகைய எங்க கொண்டு போயி வெக்கறது?

*போஸ்ட் பெரியப்பா, 7.31*
இங்க உதவி ரொக்கமா வராது, சுத்தித்தான் வரும். தபால், நூலக ஆர்டர், விளம்பரம். தபால மட்டும் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. ஏ4 அளவுல 32 பக்கம்னா சரியா ஒரு சதுர மீட்டர் பேப்பர். 45 ஜிஎஸ்எம் பேப்பர்னா, அதாவது சதுர மீட்டருக்கு 45 கிராம் எடை, 45 கிராம். 130 ஜிஎஸ்எம் அட்டை 4 பக்கம் 16 கிராம். ஆக 61. பதிவான பத்திரிகைக்கு 50 கிராம் வரைக்கும் 25 காசு, 100 வரைக்கும் 50 காசு, அதுக்கு மேல ஒவ்வொரு 100-க்கும் 20 காசு. நீ தபால்ல போடறது 800. மாசம் 400 ரூபா ஆகுது. அதே 61 கிராம கடிதமாப் போட்டா 20 கிராமுக்கு 5 வீதம் ஒண்ணுக்கு 20 ரூபா, மொத்தம் 16,000. ஏஜென்ட் கேக்கற 15,000-த்த விட சாஸ்தி உனக்கு மாசாமாசம் மிச்சமாயிட்டுத்தான் இருக்கு.

*குகை சித்தப்பா, 7.33*
சரிங்கண்ணா

*ஏற்காடு அத்தை, 7.33*
மல்கோவா இன்னும் கெடைக்குதா? கார்த்தி வந்தா ரெண்டு கிலோ குடுத்து விடுங்க. தட்டுவடையும்

*குகை சித்தப்பா, 7.36*
ஜூன் இதழ விட்டுட்டு ஜூலையில ரெண்டையும் சேத்து 64 பக்க மலராப் போட்டா செலவு கொறையுமே?

*போஸ்ட் பெரியப்பா, 7.41*
அதான் வேண்டாங்கறேன். ரெண்டு இதழுக்கு நடுவுல 31 நாளுக்கு மேல போனா தபால் சலுகைக்கே ஆபத்து. ஜூனுக்கு 8 பக்கமாச்சும் போட்டு வை. மலரும் 64 வேண்டாம், 56 போதும். 64-ன்னா அட்டையோட 106 கிராம், 70 காசு ஆயிரும். 56-ன்னா 95-ல நிக்கும்.

*கார்த்தி, 7.42*
மிச்சம் மொத்தமே 160 ரூபா பெரியப்பா. அந்த 8 பக்கத்துல நகைக்கடை விளம்பரம் வரும்

*போஸ்ட் பெரியப்பா, 7.42*
160 ரூபா காசில்லயா?

*ரேவதி, 8.05*
சித்தப்பா, மத்திய அரசு விளம்பரப் பட்டியல்ல சேரணும்னா 36 மாசம் விடாம வந்திருக்கணும். காசுக்கு விக்கற பிரதி கொறஞ்சது 2,000. நமக்கு 1,200 தான்.

*குகை சித்தப்பா, 8.06*
5,000-ன்னு எழுதிக்கலாமேம்மா. உங்க ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டாரா?

*ரேவதி, 8.09*
பேப்பர் பில்லே காட்டிக் குடுத்துரும். 61 கிராம் × 1,200 = 73 கிலோ. கழிவு சேத்தா 80. 5,000-க்கு 305 கிலோ வேணும். மாசம் 80 கிலோ வாங்கி 5,000 எப்படி அடிச்சீங்கன்னு கேப்பாங்க. ஆண்டறிக்கையில பொய்க் கணக்குக் குடுத்தா பதிவையே நிறுத்தி வெக்கலாம். அப்பறம் தபால் சலுகையும் போயிரும்.

*ரேவதி, 8.10*
அத விடுங்க. பதிவு இன்னும் தாத்தா பேர்ல தானே இருக்கு?

*குகை சித்தப்பா, 8.20*
ம்

*போஸ்ட் பெரியப்பா, 8.21*
நாலு வருசமா சொல்லிட்டு இருக்கேன்.

*ரேவதி, 8.24*
மொதல்ல அத மாத்தணும். தாத்தா இறப்புச் சான்று, தாலுகா ஆபீஸ் வாரிசுச் சான்று, மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதின பிரமாணப் பத்திரம். வாரிசுச் சான்றுக்கு இ-சேவையிலயே போட்டுரலாம். கையெழுத்து எங்கப்பா, அத்தை ரெண்டு பேரும் போடணும்.

*ஏற்காடு அத்தை, 8.25*
நானுமா?

*ரேவதி, 8.25*
நீங்களும் வாரிசுதானே அத்தை

*ஏற்காடு அத்தை, 8.31*
அப்பாவோட மிளகுக் கணக்குல எனக்கு வரவேண்டியது வரட்டும். கையெழுத்த அப்பறம் பாத்துக்கலாம்

*கார்த்தி, 8.31*
😶

*குகை சித்தப்பா, 8.33*
அத ஏன் இங்க பேசற

*ஏற்காடு அத்தை, 8.33*
வேற எங்க பேசறது சின்னண்ணா? போன் எடுக்கறீங்களா?

*டொராண்டோ மாமா, 8.35*
நல்லிரவு எல்லாருக்கும்

*போஸ்ட் பெரியப்பா, 8.40*
ஞாயித்துக்கிழமை எல்லாரும் குகை வீட்டுக்கு வாங்க. வாரிசுச் சான்று வேலைய ரேவதி ஆரம்பிக்கட்டும். பேர் யார் பேர்ல மாத்தறதுன்னு உக்காந்து பேசிக்கலாம்.

*குகை சித்தப்பா, 8.41*
யார் பேர்லயா? நடத்தறது நான் தானேண்ணா

*போஸ்ட் பெரியப்பா, 8.41*
ஞாயித்துக்கிழமை.

*ஏற்காடு அத்தை, 8.44*
மழை விட்டா வரேன். கொண்டை ஊசி வளைவுல பாறை விழுந்துச்சுன்னு பஸ்சு லேட்டு

*குகை சித்தப்பா, 8.58*
அந்த ஏஜென்ட் கூப்புடறாரு. எடுக்கட்டுமா?