தபால் வேலையில் இருந்துகொண்டே 47 நாவலா?

கீழக்கரைக்காரன்:
எனக்குத் தபால் வேலை. காலையில் பையைப் பிரித்து, மதியம் வரை தெருத் தெருவாகச் சுற்றி, வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் உப்புக்காற்றில் பிசுபிசுக்கும், ராத்திரி நோட்டை எடுத்தால் நாலு வரியில் கண் சொருகிவிடுகிறது. ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரொலாப் இதே துறையில் இருந்து 47 நாவல் எழுதினாராம். நிஜமா அண்ணே?

தொண்டி வாசகன்:
47 நாவல் நிஜம்தான் தம்பி, ஆனால் அதில் ஒரு பகுதி வேலையை விட்ட பிறகு எழுதியது. 1834இல் லண்டனில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், அங்கே கடனும் திட்டும்தான் மிச்சம். 1841இல் அயர்லாந்துக்கு மாற்றல் கிடைத்த பிறகே மனிதர் நிமிர்ந்தார். ராத்திரியெல்லாம் அவர் எழுதவில்லை, காலை ஐந்தரைக்கு மேசை. கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கு! எழுப்பிக் காபி தர ஒரு வேலையாள், அதற்கு வருடம் 5 பவுண்டு கூடுதல் சம்பளம். ரயிலில் போகும்போதும் மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார். அப்புறம், பிரிட்டனில் தெருவோரத் தபால்பெட்டி வந்ததிலும் அவர் யோசனை உண்டு.

மண்டபம் அக்கா:
1867இல்தான் வேலையை விட்டார். இந்தக் கணக்கையெல்லாம் அவரே சுயசரிதையில் எழுதிவைத்தார், இறந்த மறுவருடம் 1883இல் அது வெளிவந்ததும் ‘இவர் கலைஞரா, கணக்குப்பிள்ளையா’ என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ அந்த நேர்மைதான் பிடித்தது.

கீழக்கரைக்காரன்:
சரிக்கா. ஆனால் ஐந்தரைக்கு இங்கே வாசலில் மீன்காரர் சத்தம். ராம்நாடு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் முயன்று பார்க்கிறேன்.