கூட வேலை பார்ப்பவர் உடைந்துபோயிருக்கிறார், என்ன செய்வது?

கேள்வி:
எங்கள் குழுவில் ஒருவர், அருமையான வேலைக்காரர், இரண்டு மாதமாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். நேற்று கூட்டத்தில் என்னிடம் கத்தினார், அப்புறம் பார்த்தால் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கோபமாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. மேலாளரிடம் சொல்வதா?

பதில்:
முதலில் நீங்களே தனியாகப் பேசுங்கள். "உங்களுக்கு என்ன ஆச்சு" என்று ஆரம்பித்தால் குற்றம் சாட்டுவது போலிருக்கும். "கொஞ்ச நாளாகச் சோர்வாகத் தெரிகிறீர்கள், பேசணும் என்றால் நான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காது கொடுங்கள். அறிவுரை சொல்ல நாக்கு துடிக்கும், அதை அடக்குவதுதான் கஷ்டம். கத்தியது வலித்தது என்பதையும் இன்னொரு நாள் அமைதியாகச் சொல்லுங்கள், விழுங்க வேண்டாம்.

பதில்:
வேலைச்சுமையையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் முழுக்கச் சோர்ந்துபோவதை, நோயாக அல்ல, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவாகத்தான் வகைப்படுத்தியது. மேலாளரிடம் போவதானால் முதலில் அந்தச் சக ஊழியரைக் கேட்டுக்கொண்டு போங்கள். அழுததைச் சொல்லாதீர்கள், வேலைப் பங்கீட்டைப் பேசுங்கள்.

பதில்:
ஒன்று மட்டும். "வாழவே பிடிக்கவில்லை" என்கிற மாதிரி பேசினால் ரகசியம் காக்காதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அது புதிதாக முளைக்காது. தனியாக விடாமல் உடனே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, நாளைக்கே பேசுகிறேன். நன்றி.