கலைச்சொல்: காம்ப்ளையன்ஸ் – இணக்கமா, நெகிழ்மையா, துவள்மையா?

மஞ்சக்குப்பம், கடலூர்:

வணக்கம். இசைத்தட்டு ஓட்டும் சுழல்மேடை (டர்ன்டேபிள்) பற்றிய நம் 'சுழல்மேடையை மாற்றலாமா?' கையேட்டு வரைவில் காம்ப்ளையன்ஸுக்கு (compliance) 'இணக்கம்' என்று இட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும். கார்ட்ரிட்ஜ் என்பது கையின் (டோன்ஆர்ம்) நுனியில் முள்ளோடு பூட்டும் சிறு பெட்டி. 'இணக்கம் மிகுந்த கார்ட்ரிட்ஜ்' என்று படிப்பவர், எந்தக் கையில் பூட்டினாலும் ஒத்துப்போகும் போலிருக்கிறது என்று வாங்கிவிடுவார். கனமான கையில் அதுதான் முதலில் தகராறு செய்யும்.

முள்ளைத் தாங்கும் மெல்லிய தண்டு ஒரு ரப்பர் வளையத்தில் செருகியிருக்கிறது. ஒரு மில்லிநியூட்டன் விசைக்கு முள் எத்தனை மைக்ரோமீட்டர் விலகும் என்பதே இந்த அளவு, விறைப்பின் தலைகீழ். என் முன்மொழிவு 'நெகிழ்மை'.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

> என் முன்மொழிவு 'நெகிழ்மை'.

ஐயா, 'இணக்கம்' போகட்டும், சரி. ஆனால் பிளாஸ்டிக்குக்கு 'நெகிழி' ஊன்றிவிட்ட பிறகு, 'நெகிழ்மை' என்றால் வளைத்தபடி நின்றுவிடும் குணம் என்றே தோன்றும். முள் திரும்பி வந்தாக வேண்டும். 'மீள்மை'யை எலாஸ்டிசிட்டிக்குக் கொடுத்தாயிற்று.

'துவள்மை' எப்படி? பாரத்துக்குக் கொடி துவள்கிறது, பாரத்தை எடுத்தால் நிமிர்கிறது. எதிர்ச்சொல்லாக 'விறைப்பு' தயாராகவே இருக்கிறது.

சொல்லைக் கணக்கில் வைத்தும் பார்த்தேன். கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக அதிரும் அதிர்வெண் = 159 ÷ √(மொத்த நிறை × துவள்மை). மொத்த நிறை என்பது கையின் செயல்நிறை (கை அசையும்போது முள் உணரும் நிறை), கார்ட்ரிட்ஜ், திருகுகள் மூன்றும் சேர்ந்தது, கிராமில். விடை 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். 12 கிராம் கை, 6 கிராம் கார்ட்ரிட்ஜ், 1 கிராம் திருகு, துவள்மை 12 என்றால் சுமார் 10.5 ஹெர்ட்ஸ், நல்ல ஜோடி. அதே கையில் துவள்மை 30 உள்ளதைப் பூட்டினால் 6.7க்கு இறங்கிவிடும். வெயிலில் நெளிந்த இசைத்தட்டின் மேடுபள்ளம் அந்த அதிர்வைக் கிளப்பும்: பாட்டில்லாத இடத்திலும் ஊஃபர் (தாழ்சுர ஒலிபெருக்கி) கூம்பு உள்ளே வெளியே ஆடும், முள் தாவும். மேடை பழசாகிவிட்டது என்று நினைத்து மேடையை மாற்றுவார்கள். புதுக் கையும் அதே கனம் என்றால் தாவல் நிற்காது.

மஞ்சக்குப்பம்:

நெகிழி வாதம் செல்லும், தம்பி. ஆனால் 'துவண்டுபோனான்' என்றால் சோர்ந்துபோனான் என்றல்லவா பொருள்? அது இடிக்கிறது.

இன்னொன்று. டெனான் டிஎல்-103 என்ற ஜப்பானியக் கார்ட்ரிட்ஜுக்குத் துவள்மை 5 என்று போட்டிருப்பது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. ஜப்பானியத் தயாரிப்புகளில் இது வழக்கம். நம் சூத்திரத்துக்கு 10 ஹெர்ட்ஸ் மதிப்பு வேண்டும். தோராயமாக ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. வேறு சிலர் அசையா நிலையில் அளந்த எண்ணைத் தருவார்கள், அது இன்னும் பெரிது. ஆகவே 'நிலைத்துவள்மை', 'இயங்குதுவள்மை' என இரண்டு சொல் வேண்டியிருக்கும். சொல்லிப் பார்த்தால் நாக்கில் ஒட்டத்தான் செய்கிறது.

முத்தியால்பேட்டை:

சோர்வுப் பொருளும் இங்கே கைகொடுக்கும், ஐயா. ரப்பர் தளர்ந்த பழைய கார்ட்ரிட்ஜ் அடிவயிறு தட்டில் உரச, உண்மையிலேயே துவண்டுதான் கிடக்கும். காய்ந்து இறுகியதில் துவள்மை குறைந்து, உரத்த இடங்களில் ஒலி கரகரக்கும். இரண்டுக்கும் மருந்து கார்ட்ரிட்ஜ் மாற்றுவது. மேடைக்குச் செலவழித்துப் பயனில்லை. நம் கடற்கரைக் காற்றில் கார்ட்ரிட்ஜின் நான்கு மின்னிணைப்பு ஊசிகளும் பச்சை பூத்திருக்கும், ஒரு பக்க ஒலி போனால் முதலில் அவற்றைத் துடைக்கச் சொல்லுங்கள்.

மேடையையே மாற்ற வேண்டிய இடம் வேறு: கையின் அச்சில் ஆட்டம், மேடை சுழலும் தாங்கியின் (பேரிங்) உறுமல், புது பெல்ட் போட்டும் நிற்காத வேக அலைவு. நீண்ட நாகசுர ஸ்வரம் நெளிந்து கேட்டால் இது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்துக்கு, 180 கோடுள்ள வேகத்தட்டை (வேகம் சரிபார்க்கும் தட்டு) மேடையில் சுழலவிட்டு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கில் பார்த்தால் கோடுகள் அசையாமல் நிற்க வேண்டும். எல்இடி வெளிச்சத்தில் பல சமயம் கோடே தெரியாது. பிரான்சிலிருந்து வந்த மேடைக்கு இங்கே சிக்கலில்லை, அங்கும் 50தான். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் ஒத்தியங்கு மோட்டார் (மின்சார அதிர்வெண்ணை ஒட்டியே சுழல்வது) என்றால் 33⅓ இங்கே 27.8 ஆகிவிடும், அதற்குப் புது மேடை வேண்டாம், மோட்டாரின் கப்பியை மாற்றி, 120 வோல்ட்டுக்கு இறக்கும் மின்மாற்றி வைத்தால் போதும்.

மஞ்சக்குப்பம்:

சரி, துவள்மையே இருக்கட்டும். பதிவு இப்படி: 'துவள்மை – ஓரலகு விசைக்கு முள் விலகும் அளவு, அலகு மைக்ரோமீட்டர்/மில்லிநியூட்டன், அளந்த அதிர்வெண்ணையும் சேர்த்துக் குறிக்க.' கையேட்டில் 'துவள்மை கூடினால் இலகுவான கை, குறைந்தால் கனமான கை' என்ற வரியைக் கணக்குக்கு முன்னால் போடுகிறேன்.

முள் தட்டின்மேல் அமரும் விசைக்கு வரைவில் 'முள்ளழுத்தம்' என்றிருப்பதும் தவறு, அழுத்தம் வேறு அளவு. 'முள்விசை' என்பதே முறை. ஆனால் தராசில் 2 கிராம் என்று பார்ப்பவருக்கு 'முள் எடை' உடனே புரியும். உங்கள் கருத்து?